6 பகா எண்ணாம், என் ஸ்கிரிப்ட் சொன்னது

நேற்று ராத்திரி மெயில் வந்துவிட்டது. கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கும் இரண்டாவது பிளேஸ்மென்ட் டிரைவில் தேறிவிட்டேன். முதல் டிரைவில் என்னைக் கவிழ்த்த கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கோடிங் ரவுண்டில் கொடுத்த எண் பகா எண்ணா என்று பார்க்கச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே எழுதினேன். வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்பது யாருக்குத் தெரியாது? 7, 10, 91 மூன்றுக்கும் சரியான விடை வந்தது. சமர்ப்பித்தேன். நமக்குக் காட்டாமல் வைத்திருக்கும் ஹிடன் டெஸ்ட் கேஸில் பாதி சிவப்பு, அதாவது தவறு. நேரமும் முடிந்தது.

ஹாஸ்டலுக்கு வந்து அதே ஸ்கிரிப்டை 1 முதல் 100 வரை ஓட்டினேன். 25 பகா எண்கள் வரவேண்டிய இடத்தில் 34 வந்தது. கூடுதலாக நுழைந்தவை: 1, 4, 6, 8, 9, 15, 25, 35, 49. பைத்தான் மொழியில் லூப்புக்கு எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச், கடைசி எண்ணைத் தொடாது. வர்க்கமூலத்தோடு ஒன்று கூட்ட மறந்திருந்தேன். 9-க்கு 3 வரை போகாமல் 2-லேயே லூப் நின்றுவிட்டது. 1 தவிர மற்ற எட்டுக்கும் காரணம் ஒரே ஒரு +1. அதற்காக ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால்:

- 7, 10 கொடுத்துச் சோதிக்காதீர்கள். 4, 9, 25, 49 கொடுங்கள்.
- 1, 0, மைனஸ் எண்களை முதல் வரியிலேயே துரத்துங்கள்.
- பகா எண்கள் 100 வரை 25, 1000 வரை 168, 10 லட்சம் வரை 78,498. மனப்பாடம் செய்யுங்கள்.
- சி மொழிக்காரர்களே, 46,341-ஐ அதாலேயே பெருக்கினால் 32 பிட் முழு எண் வகையான இன்ட்டில் அடங்காது. லூப் எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பெருக்கி ஒப்பிடாமல் வகுத்து ஒப்பிடுங்கள். என் ரூம்மேட் இன்ட்டின் உச்ச எண்ணான 2147483647-ல் மாட்டியது இப்படித்தான்.

இந்த முறை 10 லட்சம் வரை உள்ள பகா எண்களை எண்ணச் சொன்னார்கள். ஒவ்வொன்றாக வகுத்தால் நேரம் போதாது. பள்ளியில் கட்டம் போட்டு மடங்குகளை அடித்தோமே, அந்த எரட்டோஸ்தனிஸ் சல்லடைதான் கைகொடுத்தது. அடிப்பதை அந்த எண்ணின் வர்க்கத்திலிருந்து தொடங்கினால் போதும். அதற்குக் கீழே உள்ள மடங்குகளைச் சிறிய எண்கள் ஏற்கெனவே அடித்திருக்கும். கடைசியில் 78,498 வந்ததும்தான் மூச்சு விட்டேன்.

ஓர் எண்ணின் அடுக்கை வகுத்து வரும் மீதியைப் பார்த்துப் பகா எண்ணா என்று ஊகிக்கும் ஃபெர்மா சோதனை போட்டு அசத்தலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். 2-ஐ மட்டும் அடியாக வைத்தால் 341 அதை ஏமாற்றிவிடும், அது 11×31. எனக்குச் சாமர்த்தியத்தில் நம்பிக்கை இல்லை, பேப்பரில் கையால் ஓட்டிப் பார்ப்பதில்தான். பயிற்சிக்கு முந்நூறு கோடிங் கணக்கு போட்டவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

ஹெச்ஆர் ரவுண்டு பற்றிக் கேட்காதீர்கள். எட்டு நிமிடமும் எங்கள் ஊர்த் தேர்த்திருவிழா பற்றித்தான் பேசினோம்.