முடியும் என்று சொன்னேன்

பாடசாலையொன்றில் நாடகக் களப்பயிற்சி நடத்தி முடித்தபோது, "நடிப்பை வைத்துச் சீவிக்க முடியுமா சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். தரம் 11 மாணவி. "முடியும்" என்றேன்.

"நீங்கள் அப்படித்தான் சீவிக்கிறீர்களா?"

"மேடையில் நடிக்கிறேன், விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறேன், இப்படிக் களப்பயிற்சி நடத்துகிறேன். எல்லாம் நடிப்புத்தானே" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் மூன்றாவது கேள்விக்கு எழும்பியபோது பொறுப்பாசிரியை நேரமாகிறது என்று நன்றியுரையைத் தொடங்கிவிட்டார். அந்த மூன்றாவது கேள்வி எதுவாக இருந்திருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

நான் சொன்னதில் பொய்யான வார்த்தை ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டவைதான் இருக்கின்றன. 2020இல் மண்டபங்கள் மூடப்பட்டபோதும், 2022இல் மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக இருந்தபோதும், புறக்கோட்டையில் மைத்துனரின் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். கொழும்பில் ஒரு தமிழ் நாடகத்துக்கு நாங்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறோம். மேடையேறுவது ஓரிரு மாலைகள், அதற்கும் பாதிப் பேர் அழைப்பிதழோடுதான் வருகிறார்கள். காலையில் அதிபர் "தொழில்முறை நடிகர்கள் இருவர் வளவாளர்களாக வந்திருக்கிறார்கள்" என்று அறிமுகப்படுத்தினார். மறுத்துப் பேசும் இடமா அது?

ஆனால் அவள் அந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. ஒருவரின் அசைவை எதிரில் நிற்பவர் அப்படியே செய்துகாட்டும் கண்ணாடிப் பயிற்சி முடிந்து, குழுக்களாக உறைநிலைக் காட்சி, அதாவது அசையாமல் சிலைபோல் நின்று காட்டும் காட்சி, அமைக்கச் சொல்லியிருந்தேன். தலைப்பு, இரவு ஏழு மணிக்கு வீடு. மற்றக் குழுக்களில் அப்பா அதட்டினார், அம்மா சமைத்தார், பிள்ளை புத்தகத்தோடு இருந்தது. அவளும் அதே குடும்பத்தைத்தான் நிறுத்தினாள். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அம்மாவாக நின்றவளின் தலையை மட்டும் வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். யாரோ இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. பல ஆண்டுகள் நெறியாள்கை செய்தவர்களுக்கே அந்தக் கை சுலபத்தில் வராது. அதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பாராட்டை நம்பித்தான் அவள் மற்றதைக் கேட்டாள் என்பதுதான் உறுத்துகிறது.

வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்? உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ, மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ பட்டம் வரை போகலாம். அப்படிப் போனவர்களில் பலர் ஆசிரியர்களானார்கள். அரங்கு சோறு போடுகிறதுதான், பள்ளிக்கூடத்தின் வழியாக. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அவள் கேட்டது ஆசிரியத் தொழிலைப் பற்றியா என்பது வேறு விடயம். பதினாறு வயதில் என்னிடம் யாராவது இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால் நான் வங்கிப் பரீட்சை எழுதியிருப்பேன். அது நல்லதாகவும் இருந்திருக்கலாம்.

100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது, கூட வந்த நடிகையிடம் இதைச் சொன்னேன். அவர் வார நாட்களில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை செய்கிறார். அன்று லீவு போட்டுத்தான் வந்திருந்தார். "முடியும் என்று ஏன் அண்ணா சொன்னீர்கள்?" என்றார். "முடியாது என்றால் அவள் விட்டுவிடுவாளே" என்றேன். "விடட்டுமே. விட முடியாதவள் விடமாட்டாள்." அது எனக்குச் சரியாகப் படவில்லை. விட முடியாதவர்கள் எத்தனையோ பேர் விட்டிருக்கிறார்கள், எனக்கே தெரியும்.

அடுத்த பாடசாலையில் கேள்வி நேரத்தை அவரையே நடத்தச் சொல்லியிருக்கிறேன். "என்னிடம் கேட்டால் காப்புறுதி விற்கிறேன் என்றுதான் சொல்வேன்" என்கிறார். அப்படிச் சொன்னால் அதற்குப் பிறகு எங்களை யார் கூப்பிடுவார்கள்?