மாணவர் விருந்தில் ஒயின் பரிமாற அனுமதி வாங்கிய கதை

நான் குடிப்பதில்லை. ஆனாலும் இங்கிலாந்தில் எங்கள் துறை மாணவர் சங்கத்தின் ஆண்டு விருந்தில் மது பரிமாற, சட்டப்படி பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். விருந்து 2024 மே 10, வெள்ளிக்கிழமை. செயலாளர் என்பதால் வேலை என்னிடம் வந்தது. நம் ஊர்க் கல்லூரிகளில் இப்படி ஒரு பேச்சே எழாது என்பதால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. இனி அங்கே போய் இதே வேலையில் மாட்டுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

டிக்கெட் 12 பவுண்டு. சாப்பாடும் ஒரு கிளாஸ் ஒயினும் அதில் அடக்கம். "அக்கா, நாம ஃப்ரீயாத்தானே குடுக்கறோம், இதுக்கு எதுக்குங்க லைசென்ஸ்?" என்றான் பொருளாளர் தம்பி, கோயம்புத்தூர்க்காரன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பல்கலைக்கழக மாணவர் யூனியனில் விசாரித்தபோதுதான் புரிந்தது. யாரிடமும் காசு வாங்காமல் ஊற்றிக் கொடுத்தால் உரிமம் தேவையில்லை. டிக்கெட் காசுக்குள் ஒயின் இருந்தால் அது விற்பனை. யூனியன் பாரிலேயே நடத்தியிருந்தால் அவர்கள் உரிமத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் வெளிச் சாப்பாடு கொண்டுவர அங்கே அனுமதி இல்லை, எங்களுக்கோ பிரியாணி வேண்டும். துறையின் பழைய ஹாலைப் பிடித்தோம். அதற்கு மது உரிமம் கிடையாது.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு வழி உண்டு. 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின்கீழ் உள்ளூர் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் Temporary Event Notice, எல்லோரும் சுருக்கமாக 'டென்' (TEN) என்பார்கள். கட்டணம் 21 பவுண்டு. பரிமாறுகிறவர்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 18 வயது ஆன யாரும் கொடுக்கலாம். ஆனால் சங்கத்தின் பெயரில் கொடுக்க முடியாது, ஒரு தனி ஆளின் பெயரில்தான். அன்றிரவு ஏதாவது நடந்தால் கேள்வி வருவது அந்த ஆளிடம்தான். இது தெரிந்த பிறகு நான் படிவத்தை மூன்று முறை படித்தேன்.

இனி நாள் கணக்கு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பத்து வேலை நாள் இடைவெளி வேண்டும். கவுன்சிலுக்குப் போய்ச் சேரும் நாளும் நிகழ்ச்சி நாளும் அதில் சேராது. சனி, ஞாயிறு கிடையாது. நாங்கள் காலண்டரை மேசையில் விரித்து மே 9இலிருந்து பின்னோக்கி விரல் வைத்து எண்ணினோம். ஏப்ரல் 25 வியாழன் அன்று கொடுத்தால் போதும் என்று வந்தது. அன்றைக்கே ஆன்லைனில் அனுப்பிவிட்டோம். மே 6 திங்கள் வங்கி விடுமுறை (அங்கே பொது விடுமுறையை அப்படித்தான் சொல்வார்கள்) என்பது எங்கள் கண்ணில் படவே இல்லை. 24ஆம் தேதியே போயிருக்க வேண்டும். அந்த ஒரு நாளில் எங்களுடையது 'தாமத அறிவிப்பு' ஆகிவிட்டது.

தாமதமானதையும் ஏற்றுக்கொள்வார்கள், ஐந்து வேலை நாளாவது இருந்தால். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வழக்கமான அறிவிப்புக்குப் போலீசோ சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் விசாரணை வைத்து நம் தரப்பையும் கேட்பார்கள். தாமத அறிவிப்புக்கு அது கிடையாது. ஒரே ஒரு ஆட்சேபம், அத்தோடு முடிந்தது. அவர்களுக்கு அதற்கு மூன்று வேலை நாள் அவகாசம். வெள்ளி, திங்கள், செவ்வாய்.

சும்மா உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே சுகாதாரப் பிரிவுக்கு நானே போன் செய்தேன். பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார். அவர் மதுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹாலின் பின்கதவுக்கு எதிரே வீடுகள் உண்டா, பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும், சிகரெட் பிடிக்கிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்றுதான் கேட்டார். பத்தரைக்குப் பாட்டு நிறுத்தம், பின்கதவு பூட்டு, வாசலில் இரண்டு பேர் என்று அன்றே மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தேன். செவ்வாய் மாலை வரை ஆட்சேபம் எதுவும் வரவில்லை. இப்போது யார் கேட்டாலும், படிவம் அனுப்புவதற்கு முன்பே இந்த போனைச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் படிவங்கள் தனி. நீளம்தான், சிக்கல் இல்லை.

சங்கத்தில் சண்டை வந்தது வேறு ஒரு விஷயத்தில். கிட்டார் வாசிக்க வந்த முதலாண்டுப் பையனுக்கு வயது 17. பதினாறு, பதினேழு வயதுக்காரர் மேசையில் சாப்பாட்டோடு, உடன் பெரியவர் இருந்து வாங்கிக் கொடுத்தால் ஒயின் குடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று ஒருவர் வாதாடினார். உண்மைதான். ஆனால் 120 பேர் எழுந்து நடமாடும் ஹாலில் எது மேசை, யார் உடனிருப்பவர் என்று நான் யாரைக் கேட்பது? முடியாது என்றேன். வாசலில் எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்த்து, 18 ஆனவர்களுக்கு மட்டும் பச்சைக் காகிதப் பட்டை கட்டினோம்.

ஒரு பாட்டிலில் 125 மில்லியாக ஆறு கிளாஸ் வரும். மீந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் 36 பாட்டில் வாங்கினோம், கிளாஸும் அவர்களே இரவல் தந்தார்கள். குடிக்காதவர்களுக்கு மாம்பழ ஜூஸையும் தண்ணீரையும் மூலையில் ஒதுக்காமல் ஒயினுக்குப் பக்கத்திலேயே, அதே கிளாஸில் வைக்கச் சொன்னேன். எத்தனையோ விருந்துகளில் பிளாஸ்டிக் கப்போடு ஓரமாக நின்றிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அறிவிப்பின் நகலை நுழைவாயில் பலகையில் நான்கு குண்டூசி குத்தி மாட்டினேன். கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். ஒன்பதரை மணிக்கு ஆய்வு மாணவர் ஒருவர் இன்னொரு கிளாஸுக்கு வந்தார். கிளாஸை நீட்டிய கை ஆடியது, மேசை விளிம்பில் இரண்டு முறை இடித்தது. போதையில் இருப்பவருக்கு விற்பதும் குற்றம். எனக்கு வயதில் மூத்தவர், நல்ல மனிதர். கிளாஸை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, "பிரியாணி இன்னும் சூடாக இருக்கிறது, வாருங்கள்" என்று கூட்டிக்கொண்டு போய்த் தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருந்து, டாக்ஸி வரவழைத்து, அவர் அறை நண்பரையும் உடன் ஏற்றி அனுப்பினேன். மறுத்த நேரத்தை நோட்டில் குறித்தேன், பெயர் எழுதவில்லை.

மறுநாள் 14 பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தோம். உடைந்த மூன்று கிளாஸுக்குக் காசு கட்டினோம்.