1541 டிரைவின் ஃபார்மட் சத்தம்: எது இயல்பு, எது கோளாறு

1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-க்கான 1541 ஃபிளாப்பி டிஸ்க் டிரைவ் ஒன்று செம்பூரில் இருக்கும் அண்ணன் ஒருவரிடமிருந்து வந்து சேர்ந்தது. மும்பை மழைக்காலங்கள் பலவற்றைப் பரணிலேயே கழித்த பெட்டி. மாட்டுங்கா வீட்டில் இணைத்து ஃபார்மட் கட்டளை கொடுத்ததும் உள்ளே எதையோ உடைப்பது போல டடடடவென்று சத்தம். அண்ணனுக்கு போன் போட்டேன். "அது அப்படித்தான்பா அடிக்கும். அடிக்கலேன்னாதான் ஹெட் எங்கேயோ ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஹெட், அதாவது டிஸ்க்கில் படித்து எழுதும் முனை, முதல் தடத்துக்கு (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் வட்டங்களில் வெளிப்பக்கக் கடைசி வட்டம்) வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் சென்சார் எதையும் 1541 நம்புவதில்லை. அதனால் ஹெட் எங்கே இருந்தாலும் சரியென்று, 40-க்கு மேற்பட்ட தடங்கள் அளவுக்கு வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. டிஸ்க்கில் இருப்பதோ 35 தடம்தான். மிச்சமுள்ள அடிகளெல்லாம் தடுப்பில் போய் முட்டுகின்றன. ஹெட்டை அடி அடியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் தொடர்ந்து சுழலப் பார்க்க, ஹெட் முட்டி, பின்வாங்கி, மறுபடி முட்டுகிறது. ஆப்பிளின் டிஸ்க் 2 டிரைவும் இதே வழியில்தான் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கிறது.

முட்டல் அடங்கிய பிறகுதான் நான் உண்மையில் காது கொடுத்துக் கேட்கிறேன். ஒரு டிக், சிறிது அமைதி, அடுத்த டிக். ஒவ்வொரு தடத்தையும் எழுதி, எழுதியதைப் படித்துச் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறது. முழு டிஸ்க்குக்கு ஒன்றரை நிமிடம் போல ஆகும். டிக் எல்லாம் ஒரே தாளத்தில் வந்தால் டிஸ்க் நல்லது. ஏதாவது ஓரிடத்தில் இடைவெளி நீண்டால் அந்தத் தடத்தில் சரிபார்ப்பு தோற்று, திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது.

நிஜமாகப் பயப்பட வேண்டிய சத்தம் வேறு: கீச்சென்று இழுத்தபடி வரும் ஒலி. ஈரத்தில் கிடந்த டிஸ்க்கில் பூஞ்சை பிடித்திருந்தால் இப்படி வரும். உடனே டிஸ்க்கை வெளியே எடுத்துவிட வேண்டும். விட்டால் காந்தப் பூச்சு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கும் கீறல் வாங்கும். லேமிங்டன் ரோட்டில் வாங்கிய ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஹெட்டைத் துடைத்தேன். ஹெட் ஓடும் கம்பிகளில் பழைய கிரீஸ் இறுகிப் போயிருந்தது. அதையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டேன். முட்டல் அதற்குப் பிறகும் இருக்கிறது, ஆனால் திணறல் இல்லாமல், ஒரே சீராக.

அப்புறம் வேகம். டிஸ்க் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்ற வேண்டும். அடியில் உள்ள சக்கரத்தில் 50, 60 ஹெர்ட்ஸுக்குத் தனித்தனி வளையங்களாகக் கோடுகள் இருக்கின்றன. நம்மூர் மின்சாரத்துக்கு 50. எல்.ஈ.டி. வெளிச்சத்தில் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மின்சாரத்தின் தாளத்துக்கே மினுக்கும், சோக் வைத்த பழைய டியூப்லைட் சமையலறையில் ஒன்று மிச்சமிருந்தது. அதன் கீழே ஃபார்மட் ஓடும்போது பார்த்தால் கோடுகள் கிட்டத்தட்ட அசையாமல் நின்றன, அதாவது வேகம் சரி. இதைச் செய்கிறவர்கள் கையை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அங்கே 230 வோல்ட் ஓடுகிறது.

இப்போதைய நிலை: ஃபார்மட் செய்த டிஸ்க்குகளில் பெரும்பாலானவை 664 பிளாக் காலி என்று காட்டுகின்றன. ஒரு தடத்தின் சிறு துண்டுதான் செக்டார், பிளாக் என்பதும் அதுவே; மொத்தம் 683 செக்டார். அதில் டைரக்டரி (கோப்புப் பட்டியல்) இருக்கும் 18-ஆம் தடத்தின் 19 போக மீதி அது.

முட்டல் இயல்பு என்றாலும் இலவசமில்லை. அடிக்கடி முட்டினால் ஹெட்டின் அலைன்மென்ட், அதாவது தடத்தின் மேல் அது சரியாக நிற்கும் இடம், மெல்ல விலகும். ஏற்கெனவே ஃபார்மட் ஆன டிஸ்க்கைக் காலி செய்ய மட்டும் வேண்டுமென்றால், கட்டளையில் பெயரை மட்டும் கொடுத்து இரண்டெழுத்து ஐடியை விட்டுவிடுகிறேன். டைரக்டரி மட்டும் புதிதாகும், முட்டலே கிடையாது.

அலைன்மென்ட் சரியா என்று தெரிய, என் டிரைவில் எழுதியதை அதே டிரைவ் படிப்பது போதாது. அண்ணனிடம் இன்னொரு 1541 இருக்கிறது. அதில் எழுதிய டிஸ்க் இங்கே ஓடுகிறதா என்று அடுத்துப் பார்க்கப் போகிறேன்.