இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள்

குளச்சல் பழைய இரும்புக் கடையில்தான் இந்த டேண்டம் சைக்கிள் கிடைத்தது. கடல் காற்றில் மேலெல்லாம் துரு. ஆனால் பிரேமைத் தட்டிப் பார்த்தேன், எங்கும் இற்றுப்போகவில்லை. சரி, இதை விடக்கூடாது என்று வாங்கிவிட்டேன்.

பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்கள்தான் கழற்ற வராமல் பாடாய்ப்படுத்தின. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து அடித்தேன். முட்டு இல்லாவிட்டால் அடி பேரிங்கில் இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இடப்பக்கச் செயின். இரண்டு பேர் மிதிப்பதையும் அதுதான் இணைக்கிறது. தொய்ந்தால் கழன்றுவிடும். அதற்காக முன் பெடல் அச்சை ஒரு உருளைக்குள் மையம் விலக்கி வைத்திருக்கிறார்கள். உருளையைச் சற்றுத் திருப்பினால் செயின் இறுகும். என்ன அருமையான யோசனை!

இரண்டு பேர் எடைக்குப் பழைய பிரேக் கட்டைகள் போதாது. புதிது மாட்டிய பிறகே மனைவியும் நானும் தக்கலைக்குக் கிளம்பினோம். பெயின்ட் மட்டும் அடிக்க மாட்டேன். அந்தப் பழைய பச்சை அப்படியே இருக்கட்டும்.