சாவியைக் கொடுத்தாலும் கடன் போகாது

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ வட்டி, 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கடன் மாறும் வட்டியில் எடுத்தது. இஎம்ஐ ஏறிக்கொண்டே போன சமயத்தில் மனைவியின் வேலையும் போனது. நகையை வைத்துச் சில மாதம் ஓட்டினோம். அதற்கு மேல் முடியாமல், வீட்டை வங்கியிடமே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம்.

மேலாளர் சாவியை வாங்கவே இல்லை. "ஏலத்துல வர்ற தொகையைக் கழிச்சிட்டு, மிச்சத்தை உங்ககிட்டதான் சார் கேட்போம்" என்றார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வீடு வெறும் அடமானம்தான், கடன் நம் பேரில் இருக்கிறது.

தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றதும் கணக்கு வாராக்கடனில் சேர்ந்தது. நீதிமன்ற வழக்கு இல்லாமலே அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு வழி தரும் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவுப்படி நோட்டீஸ் வந்தது. முழு நிலுவையையும் 60 நாட்களுக்குள் கட்டச் சொல்லும் நோட்டீஸ் அது. நாம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கொடுத்தோம், பதிலும் வந்தது, தொகை குறையவில்லை.

அப்புறம் கதவில் சுவாதீன அறிவிப்பை, அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டது என்ற அறிவிப்பை, ஒட்டினார்கள். அதே அறிவிப்பு நாளிதழிலும் வந்தது. என் பெயர், அப்பா பெயர், கதவு எண், வீட்டின் நான்கு எல்லைகள், பாக்கித் தொகை எல்லாம் கட்டம் கட்டி அச்சாகியிருந்தன. இணைக் கடன்தாரர் என்று என் அண்ணன் பெயரும் அதில் இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் அதைப் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

முதல் ஏலத்துக்கு ஆளே வரவில்லை. வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. குறைந்தபட்ச விலையைக் குறைத்து மறுபடி ஏலம் விட்டபோதுதான் வீடு போனது, வெளியில் கேட்ட விலையைவிடக் கம்மியாக. 'உள்ளது உள்ளபடி' என்று விற்கும் சொத்தை யார் நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள்? கழித்தது போகப் பாக்கி நின்றது. இப்படி நிற்கும் பாக்கி 20 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், குறைவு என்றால் சிவில் நீதிமன்றத்துக்கு.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே நீங்களே ஆள் பார்த்து விற்றுவிடுங்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, நிலுவையை முழுதாகக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை அந்த அறிவிப்பு வரும் வரைக்கும்தான். வங்கியிடம் சொல்லிவிட்டு, வாங்குபவரின் பணத்தை நேரே கடன் கணக்கில் கட்ட வைக்கலாம். வங்கியின் நடவடிக்கையில் தவறு இருந்தால் 45 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வங்கியின் கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. அப்படிப் போன் வந்தால் தேதியோடு எழுதி வையுங்கள்.

எனக்கு மிகவும் வலித்தது அண்ணன் விஷயம்தான். மகனின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போனவரை, கடன் கட்டிய வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "விடுடா தம்பி, பார்த்துக்கலாம்" என்றார். அவர் ஒரு தவணைகூடத் தவறியவர் இல்லை, எனக்காகக் கையெழுத்துப் போட்டவர்.

அந்தப் பாக்கியை ஒருமுறைத் தீர்வில் குறைத்துப் பேசி முடிக்க வங்கி தயாராகத்தான் இருந்தது. ஆனால் அப்படி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்து கடன் கொடுப்பவர் அதை முழுதாகக் கட்டாத கடனாகவே பார்ப்பார். இந்த விவரங்கள் குறைந்தது 7 ஆண்டுகள் பதிவில் இருக்கும். அண்ணனுக்காக முழுப் பாக்கியையும் தவணை பிரித்துக் கட்டுவதாக எழுதிக் கொடுத்து, கட்டி முடித்தோம். நிலுவை இல்லைச் சான்று வாங்கியதும், எங்கள் இருவர் அறிக்கையிலும் 'குளோஸ்டு' என்று ஏறியிருக்கிறதா எனப் பார்த்தோம். என்னுடையதில் ஏறியிருந்தது. அண்ணனுடையதில் ஏறவில்லை. தனியாக மனு போட்டுத்தான் திருத்த வேண்டியிருந்தது.