மதிலைக் கட்டியாச்சு, இடிக்கத்தான் வரமாட்டேன் என்கிறது

ஒரு போர்க்காட்சியின் சிறு மாதிரிக்காக மூன்று மாதம் உட்கார்ந்து கட்டிய வெளிமதிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சுத்தியலால் நொறுக்கினேன். கோபமெல்லாம் இல்லை. நான் எடுத்துக்கொண்ட காட்சியில், அந்த நேரத்தில், அந்த இடத்தில் மதில் என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காட்சி கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்), ஓட்டோமான் துருக்கியர் அதைப் பிடித்த நாள், 1453 மே 29, விடியலுக்கு முன். லைகஸ் பள்ளத்தாக்கில் இறங்கும் தியோடோசியஸ் மதிலின் நடுப்பகுதி; அகழி, வெளிமதில், உள்மதில் என்று அடுக்கடுக்கான காவல் அது. முதல் அலை ஓய்ந்து, இரண்டாம் அலையாகத் துருக்கியரின் அனடோலியப் படை ஏறும்போது பெரிய பீரங்கியின் ஒரு குண்டு தடுப்பைப் பிளக்கிறது. பிளந்த வழியாக உள்ளே பாய்ந்தவர்களை மதிலைக் காத்த ஜெனோவாத் தளபதி ஜுஸ்டினியானியின் ஆட்கள் வெட்டிச் சாய்க்கிறார்கள். கவனிக்க: குண்டு பிளந்தது தடுப்பை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அடி வாங்கி வெளிமதில் சரிந்துபோயிருந்தது. இருந்ததெல்லாம் மரம், சுள்ளி, மண், மண் நிரப்பிய பீப்பாய். முற்றுகையின்போது நகருக்குள் இருந்த வெனிஸ் மருத்துவர் பார்பரோவின் நாட்குறிப்பை இரண்டு முறை படித்தவன் நான். படித்துவிட்டும் ஓவியங்களில் பார்த்த முழு மதிலைத்தான் கட்டினேன், உச்சியில் பல் பல்லாக நிற்கும் ஞாயில்களை ஒவ்வொன்றாகச் செதுக்கி. என்னை என்ன சொல்ல!

அளவு 1/72. உள்மதில் 12 மீட்டர் உயரம் என்றால் பதினாறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அகழி ஏறக்குறைய 20 மீட்டர், அதாவது 28 செ.மீ. உள்மதிலில் தொடங்கி அகழியின் அக்கரை வரை கணக்குப் போட்டால் குறுக்கே 90 செ.மீ. வருகிறது. என் பலகை 60. அதனால் உள்மதில் பின்னால் வெறும் முகப்பாக நிற்கும், அகழியில் பாதி வெட்டு. சண்டை நடந்தது இரண்டு மதில்களுக்கும் இடையில்தான். இரண்டிலும் நிறுத்த ஆள் போதாமல் எல்லாரையும் வெளிமதிலுக்கு அனுப்பி, பின்னால் உள்மதில் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள். ஆகவே பலகையில் அந்த இடைவெளியைச் சுருக்க மனம் வரவில்லை.

இப்போது இடிபாடு. இதற்குத்தான் ஐந்து வாரம் போனது.

முதல் முயற்சி ஃபோம். கையால் பிய்த்தேன், சூட்டுக் கம்பியால் கீறினேன். பிய்த்தால் கடித்த ரொட்டி, சுட்டால் உருகிய மெழுகு. அதன் மேல் எத்தனை பூச்சு பூசினாலும் கல் ஆகாது. இரண்டாவது, திண்மமாக பிளாஸ்டர் வார்த்து உடைத்தேன். பிஸ்கட் மாதிரி பளிச்சென்று நேராக உடைந்தது. கூடவே இன்னொரு தப்பும் தெரிந்தது. இந்த மதில் வெளியே வெட்டிய சுண்ணாம்புக்கல், உள்ளே சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த காரை. இரண்டையும் கட்டிப்பிடிக்கிற மாதிரி 40 செ.மீ. தடிமனில் செங்கல் பட்டைகள் முழு அகலத்துக்கும் குறுக்கே ஓடுகின்றன. நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கும் அதுதான் ஏற்பாடு. 447-இல் ஒரு நிலநடுக்கம் மதிலை எவ்வளவு பாடு படுத்தியது என்பது தெரிந்த கதை. அப்படியானால் உடைந்த முகத்தில் சிவப்புக் கோடு உள்ளே வரை போக வேண்டும். வெளியே மட்டும் பெயின்டில் கோடு போட்டு ஏமாற்ற முடியாது.

மூன்றாவது முயற்சியில் கொத்தனாராகவே மாறினேன். இரு பக்கமும் சின்னச் சின்ன வார்ப்புக் கற்கள், நடுவில் காரை, ஐந்தரை மில்லிமீட்டர் பட்டைக்கு அட்டைத் துண்டுகளை அடுக்கினேன். காய்ந்ததும் ஒரு அடி. அட்டை ஒட்டிய இடத்தில் எல்லாம் கேக் அடுக்கு போலக் கழன்று வந்தது. நிஜத்தில் மதிலைப் பிடித்து நிறுத்திய பட்டைதான் என் மதிலில் முதலில் கைவிட்டது.

நான்காவதுதான் ஒத்துவந்தது. அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பட்டையையும் பிளாஸ்டரிலேயே வார்த்தேன், நிஜச் செங்கலை இடித்துச் சலித்த தூள் கலந்து. மேலும் கீழும் ஊசியால் குத்திய ஓட்டைகள். காரை அதில் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. காரைக்கு ஒரு பங்கு பிளாஸ்டர், இரண்டு பங்கு மணல், கொஞ்சம் செங்கல் தூள், உடைத்த ஓட்டுச் சில்லு. பலவீனமாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். சுர்க்கி என்கிற செங்கல் தூள் காரையின் நிறம் தானாகவே வந்துவிடுகிறது. வண்ணம் பூச வேண்டியதே இல்லை, லேசாக ஒரு வாஷ் போதும்.

அடுத்தது உடைக்கிற நேரம். முழுக்கக் காய்ந்தால் பிளக்கும், ஈரமாக இருந்தால் சேறு மாதிரி அமுங்கும். வார்த்து ஒரு நாள் ஆனபின், தொட்டால் குளிர்ச்சி தெரியும்போது உளியை வைக்க வேண்டும். அடிக்கக் கூடாது, அழுத்தித் திருக வேண்டும். துருக்கியர் பீரங்கிக்கு மூன்று புள்ளியாகக் குறி வைத்தார்கள் என்று ஒரு குறிப்பு உண்டு: ஒரே உயரத்தில் தள்ளித் தள்ளி இரண்டு, அவற்றுக்கு மேலே நடுவில் ஒன்று. அதையே உளியால் செய்தேன். முக்கோணம் அப்படியே முன்னால் சரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டிவிட்டேன். விழுந்த துண்டுகளை நகர்த்தாமல் இருந்த இடத்திலேயே நீர்த்த பசை சொட்டி நிறுத்திவிட்டேன்.

பீப்பாய் இன்னொரு தலைவலி. ரெசினில் வார்த்துக் கிடைப்பதெல்லாம் இரும்பு வளையம் போட்ட பிற்காலத்துப் பீப்பாய். அந்தக் காலத்தில் பெரும்பாலும் பிளந்த மரக்குச்சியை வளைத்துக் கட்டிய வளையம்தான். குச்சியைக் கடைந்து, மெழுகு தடவிய நூலை நெருக்கமாகச் சுற்றி நானே செய்கிறேன். ஒன்றுக்கு இருபது நிமிடம். வேண்டியது அறுபது, முடிந்தது பதினெட்டு.

பொம்மை வீரர்களின் பெட்டியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. வாங்கின மூன்று பெட்டியிலும் சுல்தானின் சிறப்புக் காலாட்படையான ஜானிசரிகள், அதிலும் பாதி மண்டியிட்டுச் சுடுகிறவர்கள். அவர்கள் மூன்றாம் அலைக்கு ஆவார்கள். எனக்கு வேண்டியது ஏணியும் கேடயமுமாக ஏறுகிற அனடோலியர்கள். தலையை மாற்றி, கையை அறுத்து ஒட்டி இதுவரை ஒன்பது பேர் தேறியிருக்கிறார்கள்.

இதற்கிடையில், ஏப்ரல் 22 அன்று எழுபது கப்பல்களைக் கொழுப்புத் தடவிய கட்டைகளின் மேல் மேடேற்றிக் கலாட்டா என்ற ஊருக்குப் பின்னால் பொன்கொம்பு வளைகுடாவில் இறக்கினார்களே, அதற்கு வரைபடம் போட ஆரம்பித்துவிட்டேன். 1/300-இல் செய்தால் குன்றின் ஒரு பகுதியாவது ஒரே பலகையில் அடங்கும். முதல் கப்பலுக்கு மரம்கூட அறுத்தாயிற்று. பாய் விரித்தபடி கரையில் ஊர்ந்தன என்கிறார்கள், அதனால் பாய்க்கு மெல்லிய தாளா, பசை தோய்த்த துணியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதிலில் இன்னும் 22 செ.மீ. நீளம் இடிபடாமல் நிற்கிறது. நேற்று வார்த்த துண்டை இன்று மாலை தொட்டுப் பார்க்க வேண்டும்.