எங்கே போவது என்று கேட்டவளுக்கு

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாத இரவில், எங்கள் தெருவின் கோடி வீட்டில் குடியிருந்த பெண் தன் இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், நான் எங்கே போறது?" என்று அவள் கேட்டாள். முப்பது ஆண்டுகள் இதே ஊரில் ஆசிரியையாக இருந்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு அவர்களை என் வீட்டிலேயே படுக்க வைத்தேன். மறுநாள் காலை, தெரிந்த ஒரே வழியாகக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கே பணியில் இருந்தவர் அவள் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி, "குடும்பம்னா நாலும் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா" என்றார். கணவனை வரவழைத்து, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, இருவரையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பினார். புகார் கொடுத்தால் அதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்பதுகூட எனக்கு அன்று தெரியாது. பத்து நாட்கள் கழித்து அவளுக்கு நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. மருத்துவமனையில் மாமியார் பக்கத்திலேயே நின்றதால், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டாள். விபத்துப் பதிவேட்டில் அதுவே எழுதப்பட்டது. பின்னர் வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காயத்தோடு மருத்துவமனைக்குப் போகும் பெண்ணுடன் யாராவது ஒருவர் போக வேண்டும். மருத்துவரிடம் அவள் தனியாகப் பேச வாய்ப்புக் கேட்க வேண்டும். காயம் எப்படி ஏற்பட்டது, யாரால் ஏற்பட்டது என்பதை உள்ளபடி பதிவு செய்யச் சொல்ல வேண்டும். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த விபத்துப் பதிவேட்டு நகல், எத்தனை சாட்சிகள் வந்து பேசினாலும் ஈடாகாத அளவுக்கு முக்கியமானது.

இரண்டாம் முறை அவள் என்னிடம் வந்தபோது, சுய உதவிக் குழுவில் உள்ள ஒரு பெண் 181 என்ற எண்ணைச் சொன்னாள். தமிழ்நாட்டில் 2018 இறுதியிலிருந்து இயங்கிவரும் மகளிர் உதவி எண் அது. எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைத்த பிறகுதான் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பது எனக்குத் தெரிந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த அலுவலரின் பதவியே அச்சட்டத்தால் உண்டானது. நடந்ததைக் கேட்டு அறிக்கையாக எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவதும், இலவசச் சட்ட உதவியும் தங்குமிடமும் மருத்துவமும் கிடைக்க வழி செய்வதும் அவருடைய கடமை. எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். பதினைந்து ஆண்டுகளாக அந்த வசதி அங்கே இருந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த அலுவலர் அவளிடம் ஒரு மணி நேரத்துக்குமேல் பேசினார். அடித்தது மட்டுமல்லாமல், தினமும் இழிவாகப் பேசியது, நகைகளை எடுத்து அடகு வைத்தது, கைச்செலவுக்குக்கூடப் பணம் தராதது ஆகிய எல்லாமே சட்டத்தின் பார்வையில் வன்முறைதான் என்று அவர் சொன்னபோது, அவள் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகளிர் உரிமைத் தொகை வரும் வங்கி அட்டையைக் கணவன் பிடுங்கி வைத்துக்கொள்வதாகப் பெண்கள் சொல்வதை இப்போது அடிக்கடி கேட்கிறேன். அதுவும் பொருளாதார வன்முறையே. மனைவிக்கு மட்டும் உரிய சட்டம் இது என்று எண்ணுவதும் தவறு. ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, விதவை மருமகள் ஆகியோரும் இதன்கீழ் முறையிடலாம்.

அவளுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது இருக்க ஓர் இடம். வீடு மாமனார் பெயரில் இருந்ததால் தனக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், கணவனோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வீடு கணவனின் உறவினருக்குச் சொந்தமாக இருந்தாலும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஆனால் நீதிமன்ற ஆணை வரும்வரை அதே வீட்டில் எப்படி இருப்பது? அந்த இடைவெளிக்காகத்தான் மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன. 2015இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. மருத்துவம், காவல் துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை ஆகியவற்றோடு ஐந்து நாட்கள் வரை தங்கவும் அங்கே இடம் உண்டு. தாயோடு வரும் மகனுக்கு வயது வரம்பு இருப்பதால், வளர்ந்த பையன் உள்ளவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்து நாட்கள் கழிந்தபின் எங்கே போவது என்பதே உண்மையான கடினம். அவளுக்குப் பிறந்த வீட்டில் அண்ணன் இருந்தார். அண்ணன் இல்லாதவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கலங்குகிறது. தங்குமிடங்கள் இன்னும் பல மடங்கு வேண்டும். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

வழக்குக்குப் பணம் வேண்டுமே என்ற பயமும் அவளுக்கு இருந்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எந்தப் பெண்ணும் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். நீதிமன்ற வளாகத்திலேயே அந்த ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும்; 15100 என்ற எண்ணிலும் பேசலாம். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும், மனுவை அறுபது நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அவளுக்கு இறுதி ஆணை வரப் பதினான்கு மாதங்கள் ஆயின. இடைக்கால ஆணை ஐந்து வாரங்களில் கிடைத்ததுதான் அவளைக் காப்பாற்றியது. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்று தெரிந்தபின் கணவன் வாசலில் வந்து சத்தம் போடுவதை நிறுத்தினான். கொடுமைக்கான குற்ற வழக்கு இதிலிருந்து வேறானது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று அறியப்பட்ட பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாக இருக்கிறது. இரண்டையும் தொடுக்கலாம், ஒன்றை மட்டும் தேர்ந்தாலும் தவறில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவள் அவளே. உடன் செல்லும் நாம் அவளைத் தள்ளவும் கூடாது, தடுக்கவும் கூடாது.

அந்தச் சில மாதங்களில் கற்றுக்கொண்ட சிறிய விஷயங்கள் சில உண்டு. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். 181ஐ அழைத்தபின் கைப்பேசியில் அந்த அழைப்பின் பதிவை அழித்துவிட வேண்டும். கணவன் பார்த்துவிட்டால் அதற்கே ஓர் அடி விழும். உயிருக்கே ஆபத்து என்றால் யோசிக்காமல் 112ஐ அழைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன், ஏனென்றால் நானும் அவர்களில் ஒருத்தி. அந்த வீட்டிலிருந்து அலறல் கேட்ட எத்தனையோ இரவுகளில், அடுத்தவர் குடும்ப விஷயம் என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டியிருக்கிறேன். வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது எந்த வழக்கும் வராது என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. அவர்களாக வரட்டும் என்று நாம் காத்திருந்தால் அடி விழுந்துகொண்டேதான் இருக்கும்.

எங்கள் தெருவின் சுய உதவிக் குழுவுக்கு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூட்டம். கடந்த ஓராண்டாக, சேமிப்புக் கணக்கு முடிந்ததும் கால் மணி நேரம் இதைப் பற்றிப் பேசுகிறோம். அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் வருகிறார்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. குழுவின் கணக்கு நோட்டு அட்டையின் உட்புறத்தில் உதவி எண்களையும் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் பேருந்து நேரங்களையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதைத் தன் கையால் எழுதியவள், அன்றிரவு என் வாசலில் வந்து நின்ற அதே பெண். அடுத்த கூட்டத்துக்கு ஆண்களையும் அழைக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள்.